குத்தாமலே ஈரலை அறியலாம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

நம் நாஞ்சில் நாட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்துவிட்டால் வீட்டார் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். வேரோடு பிடுங்கிக் கழுவி அரைத்து, மோரில் கலக்கி, காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பையும் எண்ணெயையும் விலக்கிப் பத்தியம் காப்பார்கள். சில வாரங்களில் மஞ்சள் இறங்கிவிடும். ‘காமாலை போய்விட்டது’ என்று எல்லோரும் ஆறுதல் அடைவார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் மஞ்சள் இல்லை என்பதால் ஈரல் நலமாக இருக்கிறது என்று எப்போதும் சொல்லிவிட முடியுமா? கண்ணில் மஞ்சளே தோன்றாமல் உள்ளுக்குள் ஈரல் தழும்பேறிக்கொண்டிருந்தால் அதை எப்படி அறிவது? வயிற்றைக் கிழிக்காமல், ஊசியால் குத்தாமல் அறிய வழி உண்டா? உண்டு என்கிறது இன்றைய மருத்துவம். அதற்குத் துணை நிற்பது நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியல். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகைக் காமாலை

ஈரலைத் தாக்கும் முக்கியமான வைரஸ்கள் ஐந்து. அவற்றை ஏ, பி, சி, டி, ஈ என எழுத்துகளால் குறிப்பர். இவற்றுள் ஏ-யும் ஈ-யும் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுபவை. நாம் ஊரில் காணும் காமாலை பெரும்பாலும் இவற்றால் வருவதே. உடலின் எதிர்ப்பாற்றலே சில வாரங்களில் இவற்றை வென்றுவிடும். எந்த மருந்து கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும் பெரும்பாலோர் தேறிவிடுவர். தேறியவர் கடைசியாகக் குடித்த மருந்துக்குப் புகழ் போய்ச் சேருகிறது.

பி-யும் சி-யும் வேறு வகை. இவை இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் பரவுகின்றன. உடலில் புகுந்தபின் பல ஆண்டுகள், சிலரிடம் வாழ்நாள் முழுவதும், ஈரலிலேயே தங்கிவிடக் கூடியவை. பிறக்கும்போதே பி வைரஸ் தொற்றிய குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் அது நிலைத்துவிடுகிறது. வளர்ந்தவர்க்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானவரிடமே நிலைக்கிறது. நிலைத்துவிட்டவர்களுக்கு மஞ்சள் தோன்றுவதில்லை, காய்ச்சல் இல்லை, வலி இல்லை. வயலுக்கும் தோட்டத்துக்கும் கடலுக்கும் வழக்கம்போல் போய்வருவார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022-ஆம் ஆண்டில் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேரிடம் பி வைரஸும், 5 கோடிப் பேரிடம் சி வைரஸும் இருந்தன. இந்தியாவில் மட்டும் பி தொற்றியோர் 2 கோடியே 98 லட்சம். சி தொற்றியோர் 55 லட்சம். தமக்கு இந்நோய் இருப்பதை அறியாதவர்களே இவர்களில் மிகுதி.

கீழாநெல்லியும் ஓர் ஆராய்ச்சியும்

கீழாநெல்லியைப் பற்றி எழுதத் தொடங்கியதால், சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சியைக் கூறாமல் விட இயலாது. பி வைரஸின் மேலுறைப் புரதத்தை முதன்முதலில் இரத்தத்தில் கண்டறிந்தவர் அமெரிக்க விஞ்ஞானி பரூக் புளூம்பெர்க். அதற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். பி. தியாகராஜனும் அவர் குழுவினரும் இந்தப் புளூம்பெர்க்கோடு இணைந்து, பி வைரஸ் தங்கியவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை முப்பது நாள் கொடுத்துச் சோதித்தனர். 1988-இல் லண்டனின் ‘லான்செட்’ இதழில் அதன் முடிவு வெளியாயிற்று. பொடி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் இதே பலன் கிட்டவில்லை. ஆகவே அது இன்றும் ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சையாகவில்லை.

இதில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. வீட்டில் நாம் கண்ணின் மஞ்சளைப் பார்த்தோம். சென்னை ஆராய்ச்சியாளர்கள் இரத்தத்தில் வைரஸின் அடையாளத்தைப் பார்த்தார்கள். இரண்டுமே ஈரலின் தழும்பைக் காட்டுபவை அல்ல. நோயாளியின் எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானிப்பதோ அந்தத் தழும்புதான்.

தழும்பு எவ்வாறு ஏறுகிறது?

நம் மாவட்டத்தில் ரப்பர் பால்வெட்டு அறியாதார் இலர். கைத்திறம் உள்ளவர் பட்டையை மட்டும் மெல்லச் சீவினால் பட்டை மறுபடி சீராக வளரும். கத்தி ஆழப் பட்டு உள்மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். பிறகு அங்கே பால்வெட்டுவது கடினம்.

ஈரலும் அவ்வாறே. தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு மிகுதி. ஆனால் வைரஸின் காரணமாக ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்தால் நிலைமை மாறுகிறது. ஈரல் செல்களுக்கு அருகில் விண்மீன் வடிவச் செல்கள் எனப்படும் ஒருவகைச் செல்கள் உள்ளன. வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைப்பது அவற்றின் இயல்பான வேலை. இடைவிடாத காயத்தால் தூண்டப்பட்டதும் அவை அவ்வேலையை விட்டுவிட்டுக் கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைச் சுரக்கத் தொடங்குகின்றன. மெத்தென்றிருந்த ஈரலில் நார் பின்னுகிறது. நார்கள் ஒன்றோடொன்று கூடி ஈரலைச் சிறுசிறு முடிச்சுகளாகப் பிரித்துவிடும் கடைசி நிலையே சிரோசிஸ் எனப்படும் ஈரல் சுருக்கம். இரத்தவாந்தி, வயிற்றில் நீர் கோத்தல், ஈரல் புற்றுநோய் ஆகியவை அதன் பின் வரக்கூடியவை.

மருத்துவர்கள் இத்தழும்பை 0 முதல் 4 வரை ஐந்து படிகளாகப் பிரிப்பர். 0 என்றால் தழும்பில்லை. 4 என்றால் சுருக்கம். யாருக்கு உடனே மருந்து வேண்டும், யார் பொறுத்திருக்கலாம், யாருக்குப் புற்றுநோய்ச் சோதனை அடிக்கடி தேவை என்பவற்றை முடிவு செய்ய இந்தப் படி பெரிதும் உதவுகிறது. நோய்க்காரணம் நீங்கினால் தழும்பு ஓரளவு கரையவும் கூடும் என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. ஆகவே காலத்தே அறிதல் இன்றியமையாதது.

ஊசிச் சோதனையும் அதன் குறைகளும்

நெடுங்காலம் தழும்பை அறிய ஒரே நம்பகமான வழி ஊசிச் சோதனையாக இருந்தது. வலப்புற விலா எலும்புகளுக்கு இடையே நீண்ட ஊசியைச் செலுத்தி, ஈரலில் ஒரு சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். 1958-இல் இத்தாலியரான மெங்கினி, ஊசி ஈரலுக்குள் இருக்கும் நேரத்தை ஒரு வினாடியாகக் குறைத்து இம்முறையை எளிமையாக்கினார். இன்றும் சில நோய்களுக்கு இச்சோதனை தேவைப்படுகிறது.

ஆனால் குறைகள் பல. வலி உண்டு. அரிதாக இரத்தக்கசிவும், பல்லாயிரத்தில் ஒருவருக்கு உயிராபத்தும் நேரலாம். மேலும், எடுக்கும் துணுக்கு முழு ஈரலில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோறு எல்லா இடத்திலும் ஒரே பதமாக வேகும். தழும்போ ஈரல் முழுவதும் ஒரே சீராகப் பரவுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுதோறும் குத்திப் பார்க்க யார்தான் உடன்படுவார்கள்?

என் தாய்மாமன் ஒருவர் பால்வெட்டுத் தொழிலாளி. ஏழு ஆண்டுகளுக்கு முன் இரத்ததானம் செய்யப் போன இடத்தில் அவருக்குப் பி வைரஸ் இருப்பது தெரியவந்தது. அவர் போன மருத்துவமனையில் ஊசிச் சோதனை பற்றிச் சொன்னார்கள். “ஈரலுக்குள்ள ஊசி குத்துவாங்களாம், நான் போவமாட்டேன்” என்று வந்தவர் அதன்பின் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. வீட்டில் அவருக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வந்தன. பிள்ளைகளை அவர் மடியில் விடுவதையும் நிறுத்திவிட்டார்கள். பயம் ஒருபுறம், ஒதுக்கம் ஒருபுறமாக அவர் ஆண்டுகளைக் கழித்தார். நான் கல்லூரியில் சேர்ந்தபின் ஒருநாள் பழைய சீட்டுகளையெல்லாம் கொண்டுவந்து, “நீ படிக்கியேல்லா மக்களே, இதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லு” என்றார். அந்தச் சீட்டுகளைப் புரிந்துகொள்ளப் புறப்பட்டபோதுதான் பின்வரும் செய்திகளை நான் படித்தேன்.

இரத்தச் சீட்டில் ஒரு கணக்கு

எந்த ஊர் ஆய்வுக்கூடத்திலும் செய்யக்கூடிய எளிய சோதனைகள் இரண்டு. ஒன்று, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் நொதிகளின் அளவு. ஈரல் செல்கள் காயப்படும்போது இவை இரத்தத்தில் கசிகின்றன. மற்றொன்று, பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களின் எண்ணிக்கை. ஈரலில் தழும்பேறும்போது குடலிலிருந்து வரும் இரத்தம் ஈரலுக்குள் எளிதாகப் புக முடிவதில்லை. அணைக்கட்டு அடைத்தால் கால்வாயில் நீர் எதிர்த்து ஏறுவதுபோல் அது மண்ணீரலில் தேங்குகிறது. வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தட்டணு உற்பத்தியைத் தூண்டும் ஈரல் சுரப்பும் குறைகிறது. எனவே தழும்பு கூடக்கூட நொதி ஏறும், தட்டணு இறங்கும். ஏறுவதை இறங்குவதால் வகுத்தால் தழும்பின் குறிப்பு கிடைக்கும் அல்லவா?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2003-இல் வகுக்கப்பட்ட ‘ஏப்ரி’ என்னும் கணக்கு இதுவே. எஸ்.ஜி.ஓ.டி. அளவை அதன் இயல்பான உச்ச வரம்பால் வகுக்கவேண்டும். அதைத் தட்டணு எண்ணிக்கையால் (ஆயிரங்களில்) வகுத்து நூறால் பெருக்கவேண்டும். 2006-இல் வந்த ‘ஃபிப்-4’ கணக்கு வயதையும் சேர்த்துக்கொள்கிறது: வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, அதைத் தட்டணு எண்ணிக்கை, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலம் ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுப்பது.

எடுத்துக்காட்டாக, 50 வயதுடைய ஒருவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 96, எஸ்.ஜி.பி.டி. 64, தட்டணு 1,20,000, உச்ச வரம்பு 40 எனக் கொள்வோம். ஏப்ரி: 96-ஐ 40-ஆல் வகுக்க 2.4, அதை 120-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க 2.0. ஃபிப்-4: 50 × 96 = 4800; 120 × 8 = 960; வகுத்தால் 5.0. ஃபிப்-4 அளவு 3.25-க்கு மேற்பட்டால் முற்றிய தழும்பு இருக்கலாம், 1.45-க்குக் கீழிருந்தால் பெரும்பாலும் இல்லை. எனவே இவர் காலந்தாழ்த்தாமல் ஈரல் மருத்துவரைக் காணவேண்டியவர். பி வைரஸ் உள்ள பெரியவர்களுக்கு ஏப்ரி 0.5-க்கு மேற்பட்டால் குறிப்பிடத்தக்க தழும்பு, 1-க்கு மேற்பட்டால் சுருக்கம் எனக் கருதலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வழிகாட்டியுள்ளது.

இது வெறும் காகிதக் கணக்கா? இல்லை. 2016-இல் பஞ்சாப் மாநில அரசு சி வைரஸுக்கு இலவச மருந்து வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்து நோயாளிகள் எல்லோரையும் பெருநகருக்கு அழைத்து ஊசி குத்த முடியுமா? ஏப்ரி 2-ஐ எட்டியவர்களையும் ஃபிப்-4 3.25-ஐத் தாண்டியவர்களையும் சுருக்கம் உள்ளவர்களாகக் கருதி வேறாகப் பிரித்தார்கள். ஏனையோர்க்கு மாவட்ட மருத்துவமனைகளிலேயே மாத்திரை கொடுத்தார்கள். சிகிச்சை முடித்துச் சோதிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வைரஸ் நீங்கியது. ஒரு வகுத்தல் கணக்கு சிகிச்சையை ஏழையின் ஊருக்கே கொண்டுசென்றது! 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டமும் இதே முறையைக் கைக்கொண்டது.

அலையால் அளக்கும் கருவி

பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே அது பழுத்ததா இல்லையா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் ஆவன்புருக்கர் 1761-இல் நோயாளியின் மார்பைத் தட்டிப் பார்த்து நோயறியும் முறையை வெளியிட்டார். விடுதி நடத்திய தந்தை மதுப்பீப்பாய்களைத் தட்டி அளவறிவதைக் கண்டே அவர் இதைக் கற்றார் என்பர். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்கள் தட்டினால் வெவ்வேறு ஒலி தருவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். ஒரு பொருளின் விறைப்பு, அதில் எழும் அதிர்வில் வெளிப்படும் என்பதே இவற்றின் அடிப்படை.

பிரான்ஸ் நாட்டில் உருவாக்கப்பட்டு 2003-இல் ஆராய்ச்சி உலகுக்கு அறிமுகமான ஃபைப்ரோஸ்கேன் கருவி ஈரலை இவ்வாறே தட்டிப் பார்க்கிறது. நோயாளி மல்லாந்து படுத்து வலக்கையைத் தலைக்குப் பின் வைத்துக்கொள்வார். விலா எலும்புகளுக்கு இடையே ஒரு முனையை வைத்து அழுத்தினால் அது தோலின்மேல் மெல்ல ஒரு தட்டுத் தட்டும். அந்தத் தட்டால் 50 ஹெர்ட்ஸ் அதிர்வுடைய குறுக்கலை ஒன்று ஈரலுக்குள் ஓடும். அதன் வேகம் வினாடிக்கு ஒன்று அல்லது இரண்டு மீட்டர். நாம் நடக்கும் வேகம் போன்றதுதான். அதே முனையிலிருந்து செல்லும் மீயொலி அலைகளோ வினாடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் வேகத்தில் போய்த் திரும்புகின்றன. வேகமான அலை, மெதுவான அலையின் ஓட்டத்தை அடுத்தடுத்துப் படம் பிடிக்கிறது.

முதலாண்டில் ‘பருப்பொருளின் பண்புகள்’ பாடத்தில் நாம் படித்த சமன்பாடு நினைவிருக்கிறதா? யங் குணகம் = 2 × விறைப்புக் குணகம் × (1 + பாய்சான் விகிதம்). ஈரல் போன்ற நீர்மிகுந்த மெல்லிய திசுவுக்குப் பாய்சான் விகிதம் ஏறத்தாழ அரை. ஆகவே யங் குணகம் விறைப்புக் குணகத்தைப் போல் மூன்று மடங்கு. குறுக்கலைக்கு விறைப்புக் குணகம் என்பது அடர்த்தி × வேகத்தின் வர்க்கம். எனவே, யங் குணகம் = 3 × அடர்த்தி × வேகம் × வேகம். ஈரலின் அடர்த்தியை ஒரு கன மீட்டருக்கு 1000 கிலோகிராம் எனக் கொண்டு, வேகம் 1.3 மீட்டர் என்றால் விடை ஏறத்தாழ 5 கிலோபாஸ்கல். இது இயல்பான ஈரல். வேகம் 2 மீட்டர் என்றால் 12 கிலோபாஸ்கல். பி வைரஸ் உள்ளவர்களுக்கு 7-க்கு மேற்பட்டால் குறிப்பிடத்தக்க தழும்பு, 12.5-க்கு மேற்பட்டால் சுருக்கம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். தேர்வுக்காக மனப்பாடம் செய்த சமன்பாடு ஒரு மனிதனின் ஈரலுக்கு விடை சொல்கிறது என்று கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

பத்து முறை அளந்து அவற்றின் இடைநிலை அளவை எடுப்பார்கள். எல்லாம் ஐந்து பத்து நிமிடத்தில் முடியும். ஊசித் துணுக்கைவிட நூறு மடங்குக்கும் மேலான பரப்பு அளக்கப்படுகிறது. வலியில்லை, வேண்டுமானால் ஆண்டுதோறும் அளக்கலாம். என் மாமாவுக்கு அளந்தபோது 5.4 கிலோபாஸ்கல் வந்தது. சீட்டைக் கையில் வாங்கியதும் நான் மனத்துக்குள் வேகத்தைக் கணக்கிட்டேன்: 1.34 மீட்டர். மற்றச் சோதனைகளையும் பார்த்த மருத்துவர், இப்போது மருந்து தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். மாமா இப்போது தவறாமல் போய்வருகிறார்.

கருவியும் கணக்கும் பிழைக்கும் இடங்கள்

எந்த அளவீட்டுக்கும் பிழை உண்டு என்பது ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் முதற் பாடம். உணவு உண்டவுடன் ஈரலுக்கு இரத்தம் பெருகுவதால் விறைப்புக் கூடித் தோன்றும். ஆகவே மூன்று மணி நேரமாவது எதுவும் உண்ணாமல் போகவேண்டும். கடும் அழற்சியில் ஈரல் வீங்கியிருந்தாலும் அளவு பொய்யாக ஏறும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் குறுக்கலை அதைக் கடக்காது. நீர்மத்துக்கு விறைப்புக் குணகம் இல்லையே! மிகப் பருத்த உடலிலும் அளப்பது கடினம். இரத்தக் கணக்கிலும் அவ்வாறே. டெங்கு காய்ச்சலில் தட்டணு இறங்கிவிடும். மது அருந்துவோர்க்கு எஸ்.ஜி.ஓ.டி. ஏறிவிடும். அப்போது ஏப்ரி வீணாகப் பயமுறுத்தும். மேலும் இரண்டாம், மூன்றாம் படிகளை நுட்பமாகப் பிரித்தறிய இம்முறைகளால் இயலாது. எனவே கணக்கை நாம் போட்டாலும் முடிவை மருத்துவரே சொல்லவேண்டும்.

நாம் செய்யவேண்டியது

மாணவ நண்பர்களே! சி வைரஸை இன்று பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையால் அறவே நீக்கிவிடலாம். பி வைரஸை முற்றும் நீக்குதல் அரிது. ஆனால் நாளொரு மாத்திரையால் அடக்கிவைக்கலாம். தேசியத் திட்டத்தின் கீழ் இவற்றுக்கான சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பி வைரஸுக்குத் தடுப்பூசியும் உண்டு. அதனை உள்ளடக்கிய ஐந்நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்கள் நாம். தத்தம் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்ப்பதும், போடாதவர்கள் போட்டுக்கொள்வதும் நம் கடமை.

ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே தம்ளரில் குடிப்பதாலோ, குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுவதாலோ இந்நோய் பரவாது. ஒருவர் முகத்தை மழித்த பிளேடாலும், பலருக்குப் பச்சை குத்திய ஊசியாலும் பரவும். ஒதுக்கவேண்டியது பிளேடையும் ஊசியையும்தானே தவிர, நோயாளியை அன்று. ஒதுக்கப்படுவோம் என்று அஞ்சுபவர் சோதனைக்கு வரமாட்டார். சோதனைக்கு வராதவரின் தழும்பை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது.

நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் மருத்துவச் சீட்டுகளை நம்மிடம்தான் நீட்டுவார்கள். அவற்றில் பி வைரஸ் என்றோ, சி வைரஸ் என்றோ கண்டால், மஞ்சள் இல்லையே என்று விட்டுவிடாமல், ‘ஈரலில் தழும்பு எவ்வளவு என்று அளந்து பார்த்தீர்களா? அதற்குக் குத்தவேண்டியதில்லை’ என்று எடுத்துச் சொல்வோமாக.